அண்ணன் நம்பருக்குப் போன செய்தி

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். நோயாளியின் சிகிச்சைக் குறிப்புகளையும் மரபணுப் பரிசோதனையையும் கணினியில் சேர்த்து, யாருக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்ப்பது என் வேலை. மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்ற பொன்னமராவதி செவந்தி அக்காவை மருத்துவமனையில்தான் முதலில் பார்த்தேன். போன் எண் கேட்டேன்.

"எங்கண்ணன் நம்பரப் போட்டுக்கங்க தம்பி. அதுகிட்டச் சொன்னா எங்கிட்டச் சொன்ன மாதிரி. எம்மக அருணாவையே அதோட மகனுக்குத்தான் பேசியிருக்கு" என்று சிரித்தார்.

மரபணுவில் உள்ள ஒரு சிறு மாறுபாட்டால், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வழக்கமான மாத்திரை அவருக்குச் சரியாகக் கேட்காது, மாற்றினால் போதும் என்று முடிவு வந்தது. ஆனால் கணினி அனுப்பிய குறுஞ்செய்தியில், "மரபணு மாறுபாடு உள்ளது, மருத்துவரைப் பார்க்கவும்" என்று மட்டும் இருந்தது. அண்ணன் மனைவி அதைப் படித்துவிட்டார்.

"பரம்பரை வியாதிய மறைச்சுப் பொண்ணக் குடுக்கப் பாத்தீங்களாக்கும்!" என்று கல்யாணப் பேச்சை முறித்தார்.

நான் வீடு தேடிப் போய், அது வியாதியே இல்லை, மாத்திரையை மாற்றச் சொன்னதுதான் என்று எல்லாருக்கும் விளக்கினேன். அண்ணன் வீட்டார் கேட்கவில்லை. மருத்துவர் எழுதித் தந்து நான் கொண்டுபோயிருந்த புது மாத்திரையை, செவந்தி அக்கா என்னிடமே திருப்பி நீட்டினார்.

"இதத் தின்னா, வியாதி இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரில்ல ஆயிரும்?"

அருணாவுக்கு இன்னும் வரன் அமையவில்லை. செவந்தி அக்கா பழைய மாத்திரையையே சாப்பிடுகிறார். மருத்துவமனைக்கு வருவதில்லை.