அவசரக்காரியும் பொறுமைக்கார இயந்திரமும்

மெஷினக்கா தன் வலது கையை இயந்திரத்துக்குள் நுழைத்துப் பட்டையை இறுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். "ம், ஓட்டுங்க மேடம். எப்பன்னு சொல்லாதீங்க." நோயாளிகள் வருவதற்கு முன் பிசியோ மேடத்தைப் பிடித்துவைத்து தினமும் நடத்தும் கூத்து இது. கை வெடுக்கென்று இழுபட்டு அவர் முகம் சுளித்தால், அன்று அந்த இயந்திரம் யாருக்கும் கிடையாது. "எனக்கே பயமா இருந்தா, வர்றவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

பக்கவாதம் வந்து செயலிழந்த கைகளுக்குப் பயிற்சி தரும் இயந்திரங்களை வடிவமைக்கும் பொறியாளர். எங்கள் மருத்துவமனையில் எல்லாருக்கும் மெஷினக்கா. டீ ஆறும்வரை பொறுக்கத் தெரியாது; வாயைச் சுட்டுக்கொள்வார். லிஃப்ட் பொத்தானைக் கதவு திறக்கும்வரை குத்திக்கொண்டே இருப்பார்.

அவருடைய முதல் இயந்திரமும் அவரைப் போலவேதான். கை வைத்த மாத்திரத்தில் விரல்களை விரித்து மடக்கி வேலையை முடித்துவிடும். பக்கவாதத்தில் கை விழுந்த முடிதிருத்துபவர் ஒருவர் ஒரே நாளில் பெரிய கும்பிடு போட்டுவிட்டார்: "அதுவே தரதரன்னு இழுத்துட்டுப் போகுது. நடுவுல நான் எதுக்கு?" பிசியோ மேடமும் விடவில்லை. "மெஷின் வேலை செய்யுது, அவர் வேடிக்கை பாக்கறாரு." மூலைக்குப் போன இயந்திரத்தின்மேல் துண்டு காயப்போட்டார்கள்.

வேறு ஆளாக இருந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பார். இவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, மேடத்தின் கைகளையே நாள்கணக்கில் பார்த்தார். அந்தக் கைகள் உடனே உதவுவதில்லை. நோயாளி தானாக ஒரு சின்ன முயற்சி எடுக்கும்வரை சும்மா தாங்கிக்கொண்டிருக்கும், பிறகுதான் தள்ளும். "அய்யோ, இது எனக்குத் தோணவே இல்லையே!" என்று தலையில் அடித்துக்கொண்டு இயந்திரத்தை அக்கக்காகப் பிரித்துப்போட்டார். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது அப்போதுதான்.

நேற்று அதே முடிதிருத்துபவர், மாற்றிக் கட்டிய இயந்திரத்தில் கை வைத்துப் பார்க்க மனைவியோடு வந்தார். "இதுவும் சரிப்படலேன்னா கடையை வித்துடலாம்னு இருக்கேன்" என்றார். பட்டையை மாட்டியாயிற்று. இயந்திரம் அசையவில்லை.

"கெட்டுப்போச்சா?" என்றார் மனைவி.

"இல்லம்மா. அவர் ஆரம்பிக்கட்டும்னு காத்துட்டிருக்கு" என்றார் பிசியோ மேடம்.

முடிதிருத்துபவர் பல்லைக் கடித்தார். நெற்றி வியர்த்தது. கட்டைவிரல் லேசாகத் துடித்தது. இயந்திரம் அந்தத் துடிப்பைத் தாங்கிப் பிடித்து மெல்ல விரித்தது.

"நான்தான்! நான்தான் தெறந்தேன்!" என்று கூடமே அதிரக் கத்தினார்.

மனைவி அழ, பிசியோ மேடம் கைதட்ட, மெஷினக்கா குனிந்து இயந்திரத்தின் பக்கவாட்டுத் திருகைத் திருப்பி, அது தரும் உதவியை ஒரு படி குறைத்தார்.