சத்தமில்லாத மோட்டார்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை எனக்கு. மாலையில் சைக்கிளில்தான் வீடு திரும்புவேன். மனைவி போன பிறகு, நான் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, கேட்க ஆளில்லை என்றே நினைத்திருந்தேன். முட்டி வலி பொறுக்கமுடியாமல் போனதும் சைக்கிளுக்கு மோட்டார் பொருத்த முடிவு செய்தேன்.

"பெட்ரோல் இன்ஜின் கிட்டு நல்லா இழுக்குங்க. ஆனா தெருவுக்கே கேக்கும். பேட்டரி கிட்டுன்னா சத்தமே இருக்காது" என்றார் மெக்கானிக்.

தனி ஆள், நம்மால் யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று பேட்டரி கிட்டையே போடச் சொன்னேன். வருஷக்கணக்காகக் கடகடத்துக்கொண்டிருந்த செயின் கவரையும் அவர் கழற்றிப் போட்டார். விட்டது சனியன் என்றிருந்தது.

அன்று மாலை வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வெளியே பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால், எதிர்வீட்டுப் பெண் தெருமுனையைப் பார்த்தபடி தன் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எதுத்த வூட்டு அண்ணன் இன்னும் வரலைங்க. கம்பெனி வரைக்கும் போயி பாத்துட்டு வாங்களேன்."

"நான் அப்பவே வந்துட்டேம்மா" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினாள். "சைக்கிளு சத்தமே கேக்கலியேண்ணே. தெனம் அது கேட்டப்புறம்தான் நாங்க கதவ சாத்துவோம்."

உள்ளே வந்து, களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தேன்.

இப்போது தெருமுனை திரும்பியதும், குறுக்கே யாரும் இல்லாவிட்டாலும் மணியை அடிக்கிறேன். நான் சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் எதிர்வீட்டுத் தாழ்ப்பாள் விழுகிறது. ஒரு கதவு சாத்தும் சத்தத்துக்காகக் காத்திருப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.