டிரெய்லரில் ஹீரோ, போஸ்டரில் காலமானவள்

போன வருஷம், மாசி மகம் முடிந்து கோயிலைச் சுற்றிப் போட்டிருந்த வளையல் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்த சமயம். விருத்தாசலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் கரண்டியோடு அடுப்படியில் நின்ற எனக்கு மாலை போட ஆள் வந்துவிட்டது. பிறந்த நாள் மாலை அல்ல, பொணத்துக்குப் போடுகிற மாலை. அது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு முன் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பெண் அவள். விஸ்காம் படிப்பில் கடைசி வருஷம், தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வருவாள். நான் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, சூளைக்கு அனுப்புகிற வேலை. சாயங்காலம் வெளியே வரும்போது புருவம் வரைக்கும் வெள்ளைத் தூசி இருக்கும். அப்படி வந்துகொண்டிருந்தவளை ஒரு நாள் வழியில் நிறுத்தினாள்.

"அக்கா, நாங்க ஒரு டிரெய்லர் எடுக்கறோம். நீங்கதான் ஹீரோ."

"ஹீரோயினா?"

"இல்லக்கா, ஹீரோ."

"படம் எப்ப வரும்?"

"படமே கிடையாதுக்கா. டிரெய்லரும் போஸ்டரும் மட்டும்தான்."

நடுத்தெருவில் நின்று சிரித்தேன். பெண் பார்க்காமலே பத்திரிகை அடிக்கிற ஆட்களை அன்றுதான் பார்த்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து விவரமாகச் சொன்னாள். கடைசி வருஷ ப்ராஜெக்டாம் அது. டிரெய்லர், போஸ்டர் என்றால் எல்லோரும் வழக்கமாகச் செய்கிற சில விஷயங்கள் உண்டல்லவா, அதில் எதைச் செய்தோம், எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று மேடையில் விளக்க வேண்டும். போஸ்டரை ஊரில் ஒட்டி, ஜனங்கள் நின்று பார்க்கிறார்களா என்றும் காட்ட வேண்டும். அவளுடைய சார் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். கையில் துப்பாக்கி இல்லாமல், பின்னால் நெருப்பு எரியாமல், வேலைக்குப் போகிற ஒரு பொம்பளை முகத்தைப் போட்டால் எவனும் நிற்க மாட்டான், பேசாமல் ஒரு போலீஸ் கதை பண்ணு என்று. யாரும் நிற்காவிட்டால் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர் சொன்னதையே செய்கிறேன் என்று இவளும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியம். இத்தனை வருஷம் பஸ் ஸ்டாண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், இதெல்லாம் கண்ணில் பட்டதே இல்லை. போஸ்டரில் ஹீரோ நம்மைப் பார்ப்பானாம், ஹீரோயின் ஹீரோவைப் பார்ப்பாளாம். மேலே ஆகாயத்தில் வில்லனுடைய இரண்டு கண்கள் மட்டும் இருக்குமாம். குடும்பப் படம் என்றால் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். அதோடு விட்டாளா? எங்கள் குடும்பத்துக் காதுகுத்து பிளெக்ஸையும் இழுத்தாள். எந்த மாமாவுக்குப் பெரிய வட்டம், எந்த அத்தைக்கு மூலையில் சின்ன வட்டம் என்பதும் அதே கணக்குத்தானாம். அந்தச் சின்ன வட்டத்தில் இருந்தது நான்தான் என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன்.

முதலாளியிடம் கேட்டுக்கொண்டு கம்பெனிக்குள்ளேயே படம் எடுத்தார்கள். அவளும், கேமரா பிடிக்க அவள் தோழி ஒருத்தியும் மட்டும்தான். நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். வேலையைச் செய்யச் சொன்னார்கள், செய்தேன். போஸ்டருக்கு மட்டும், வேலை முடிந்து வெளியே வந்த கையோடு, தூசி படிந்த முகத்தை நேராக ஒரு படம். ஊர்ச் சுவரெல்லாம் கலர் கலராகக் கத்துகிறது, நம்முடையது பேசாமல் நிற்கட்டும் என்று கறுப்பு வெள்ளையில் வைத்தாள். படத்தின் பெயரைக் கூட அடியில் பொடி எழுத்தில்தான் போட்டாள். எனக்கும் அது ரொம்பப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை இரவோடு இரவாக ஒட்டிவிட்டார்கள். ஞாயிறு காலை நான் குழம்பு கூட்டிக்கொண்டிருக்கிறேன். வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம். அடுத்த நொடி ஒரு ஓலம்.

"எங்கள வுட்டுட்டுப் போயிட்டீங்களே அண்ணீ! உங்க மாதிரி ஒரு தங்கத்த இனி எங்க போயி பாப்பேன்!"

என் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை, கருவேப்பிலங்குறிச்சியில் கட்டிக் கொடுத்தது. கல்யாணமான நாளிலிருந்து என் சாம்பாரைப் பற்றிக் கூட ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, கையில் ரோஜா மாலையோடு, மாரில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். நான் கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அழுகை பாதியில் நின்றது.

"சாவலியா நீங்க?" என்று கேட்டாளே ஒரு கேள்வி. அதில் இருந்தது சந்தோஷமா ஏமாற்றமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஆனால் அப்படியே தரையில் உட்கார்ந்து என் காலைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதாள். அந்த அழுகை நிஜம்.

பஸ் ஸ்டாண்டு சுவரில் என் முகத்தோடு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கிறது என்று யாரோ அவளுக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள். விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் போன் அடித்தது. புதுச்சேரியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கும் என் மகள். நான் "ஹலோ" என்றதும் அந்தப் பக்கம் தேம்பல்.

"பேசிக்கினே இரும்மா. போன வச்சிடாத. பேசிக்கினே இரு."

அந்தப் போஸ்டரை யாரோ படம் பிடித்து அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவள் போட்ட துணியோடு ஓடி வந்து பஸ் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் போன் பண்ணவே பயமாக இருந்ததாம், வேறு யாராவது எடுத்துவிடுவார்களோ என்று. என் சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. நாத்தனார் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில், ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ஜங்ஷனில் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பங்க ஆச்சு? முந்தாநாளு கூட மார்க்கெட்டுல பாத்தனே" என்று கேட்டிருக்கிறார். இவர் கையில் சுவரிலிருந்து கிழித்த போஸ்டர். விரித்துப் பார்த்தேன். என் முகத்தைச் சுற்றிப் பட்டையாகக் கறுப்பு பார்டர், மேலே இரண்டு மூலையிலும் இரண்டு குத்துவிளக்கு. பொடி எழுத்துப் பெயர் கண்ணுக்கே தெரியவில்லை. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு இனி இந்த வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார் அவர். வீடியோவை அழிக்கச் சொல்ல வேண்டும் என்றாள் நாத்தனார். கல்லூரிக்கே போய் ஒரு பிடி பிடிக்கலாம் என்றது அக்கம்பக்கம். எனக்கும் கோபம்தான். என் பிள்ளை வழியெல்லாம் அழுதுகொண்டு வருகிறாள், கோபம் வராமல் என்ன செய்யும்?

இந்தப் பேச்சு நடக்கும்போதே அந்தப் பெண்ணே வந்துவிட்டாள், தன் தோழியோடு. ஒளிந்துகொள்வாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். வெயிலில் முகம் கன்றிப் போய், விரலெல்லாம் பசை காய்ந்து, நகம் உடைந்து, இரண்டு கை நிறையக் கிழித்த காகிதம். யாரும் சொல்வதற்கு முன்னாலேயே சுவர் சுவராகப் போய்த் தன் போஸ்டரைத் தானே சுரண்டி எடுத்திருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூட குடிக்கவில்லை என்றாள் தோழி.

அப்படியே பிரஸ்ஸுக்கும் போய் விசாரித்திருக்கிறாள். அச்சடிப்பவர் படத்தைப் பார்த்திருக்கிறார். ஒற்றை முகம், கறுப்பு வெள்ளை, தலைவர் படம் இல்லை, சாமி படம் இல்லை. அவர் அனுபவத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சின்னப் பெண்கள், துக்கத்தில் மறந்துவிட்டார்கள் என்று அவராகவே பார்டரும் விளக்கும் சேர்த்து, ஒட்டுகிறவரிடம் நேராகக் கொடுத்துவிட்டார். அவரும் வழக்கமாக அஞ்சலி ஒட்டும் இடமாகப் பார்த்து ஒட்டிவிட்டார்.

"அப்ப அந்தாளப் போயி கேளு!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

"அவரு மேல தப்பு இல்லைங்கண்ணா. நல்லதுன்னு நெனச்சுதான் போட்டிருக்காரு. பார்டர் இல்லன்னாலும் ஜனங்க அப்படித்தான் பாத்திருப்பாங்க. நம்மூரு செவுத்துல தனியா ஒரு மொகம் இருந்தா என்ன அர்த்தம்னு நான்தான் யோசிக்கல. சினிமா போஸ்டர மட்டுமே பாத்துக்கினு இருந்துட்டேன்."

ஒரு வார்த்தையில் கூட யார் மேலும் பழி போடவில்லை. பிறகு பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து என் முன்னால் வைத்தாள். "எல்லாமே இதுலதான் இருக்குது. வேற எங்கயும் இல்ல. உங்க கையால அழிச்சிடுங்கக்கா. நான் சார் சொன்ன போலீஸ் கதையே பண்ணிக்கிறேன்." இரண்டு நாளில் மேடை ஏற வேண்டியவள். போலீஸ் கதைக்கு எங்கே போவாள்?

"அழிக்கறது இருக்கட்டும், நான் என்ன பண்ணியிருக்கேன்னே இன்னும் பாக்கலியே" என்றேன்.

போட்டாள். முதலில் கும்மிருட்டு. திம் திம் என்று இடிக்கிற சத்தம், பெரிய ஹீரோ படத்தில் வருமே அதே மாதிரி. மெதுவாக இரண்டு கால்கள் நடந்து வருகின்றன. ரப்பர் செருப்பு, தூசி கிளம்புகிறது. முதுகு மட்டும் தெரிகிறது. கம்பெனிக் கதவு திறக்கிறது, வெள்ளைப் புகை. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கத்தி ஒன்று பளிச்சென்று மின்னுகிறது; அடுத்த நொடி அது ஒரு பொம்மையின் பிசிறைச் சீவுகிறது. சண்டைக் காட்சி மாதிரி வெட்டி வெட்டி, அச்சைத் தட்டுகிறேன், பிரிக்கிறேன், துடைக்கிறேன். சட்டென்று எல்லாச் சத்தமும் நிற்கிறது. ஹீரோ திரும்புகிற இடம், பஞ்ச் டயலாக் வரும் இடம். நான் கேமராவைப் பார்த்து, "டீ வந்துடுச்சா?" என்கிறேன். கடைசியில் ரிலீஸ் தேதி வர வேண்டிய இடத்தில் ஒரே வரி: 'தினமும் காலை எட்டரை மணிக்கு.'

நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. பின்னால் நின்ற என் வீட்டுக்காரர், "இன்னொரு தபா போடு பாப்பா" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கம்பெனிக்குள் என்ன செய்கிறேன் என்று அவர் பார்த்தது அன்றுதான்.

"இத அழிச்சா என் கை வெளங்குமா? போஸ்டர மட்டும் மாத்து" என்றேன்.

அவள் கண் ஒரு தரம் தரையில் கிடந்த ரோஜா மாலை மேல் போனது. என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

"கேட்டுத் தொலையேன்" என்றேன்.

"கேக்க மாட்டேன்க்கா. அது நான் கேக்கற விஷயம் இல்ல."

நானே எழுந்து மாலையை எடுத்தேன். சந்தைக்குப் போகிறவள் பையைப் பிடிப்பதைப் போல ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றேன். "எடு" என்றேன். "நான் வாங்கியாந்த மாலை, நான் இல்லாமயா?" என்று நாத்தனாரும் வந்து ஒட்டிக்கொண்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கி அழுத முகத்தோடு தெருமுனையில் திரும்பிய என் மகள் முதலில் பார்த்தது, மாலையும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நின்ற தன் அம்மாவைத்தான். ஓடி வந்து என் முதுகில் நாலு அடி வைத்தாள்.

இந்தத் தடவை கலர். அந்தப் பெண்ணே பிரஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து அச்சடித்து வாங்கி வந்தாள். பிரஸ்காரர் சும்மா இல்லாமல், "ரெண்டு பலூன் போடட்டுமா?" என்று கேட்டாராம். மறுநாள் பஸ் ஸ்டாண்டு சுவருக்கு முன்னால் ஜனம் நின்றது. செத்ததாகச் சொன்னவள் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தால் யார்தான் நிற்க மாட்டார்கள்?

கல்லூரி ஹாலுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அவள் மேடையில் முதல் போஸ்டரையும் மறைக்காமல் காட்டினாள். "ஒரு வழக்கத்தை உடைக்கிறதுக்கு முன்னாடி, அதை நம்பி யார் வாழுறாங்கன்னு தெரிஞ்சுக்கணும், எனக்குத் தெரியல" என்றாள். முன்வரிசையில் இருந்த அந்தச் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். டிரெய்லர் போட விளக்கை அணைக்கப் போகும்போது, "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குனிந்து காதருகில் கேட்டாள்: "போடட்டுமாக்கா? இப்ப வேணாம்னாலும் பரவால்ல, சொல்லுங்க."

தலையாட்டினேன். விளக்கு அணைந்தது. என் செருப்புக் கால் திரையில் வந்ததும் பின்வரிசையில் விசில் பறந்தது. அந்தச் சாரே எழுந்து நின்று கை தட்டியதையும், ஒரு போஸ்டரை டிபார்ட்மென்ட் சுவருக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டதையும் என் மகள்தான் அப்புறம் சொன்னாள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அந்தப் பெண் கேட்ட கேள்வியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பெண் பார்க்க வந்தபோதும் சரி, பிளெக்ஸில் என்னை மூலையில் வைத்தபோதும் சரி, செத்துப்போனேன் என்று ஊர் முடிவு செய்தபோதும் சரி, வீடியோவை அழிப்பது என்று என் வீட்டிலேயே தீர்மானித்தபோதும் சரி, என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்டதில்லை. ஒரு ஹால் முழுக்க ஆட்களைக் காக்க வைத்துவிட்டு என் சம்மதத்துக்காக ஒருத்தி குனிந்து நின்ற அந்த ஒரு நிமிஷத்துக்குப் பிறகு, என்னைக் கேட்காமல் என் விஷயத்தை யார் பேசினாலும், "இரு, என்னக் கேளு" என்று சொல்ல எனக்குத் தயக்கமே வருவதில்லை.