குறுக்கு இல்லாத மலை

மகள் ஜப்பானுக்குப் போவதென்று முடிவான பிறகு, அதைப் பற்றி வீட்டில் வாய் திறக்காத ஆள் நான் ஒருவன்தான். போகாதே என்று சொல்ல ஆசை. சொல் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும் கலஹா பஸ்ஸில் மணி வேலை செய்யாவிட்டால், நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம் வரை போய்த் திரும்பி நடந்து வருகிறவன் நான். வளர்ந்த பிள்ளையிடம் எப்படிப் பேசுவேன்?

அங்கே முதியோரைப் பராமரிக்கும் வேலை. அதற்காகக் கண்டி டவுனில் ஜப்பான் மொழி வகுப்புக்குப் போய்வந்தாள். வகுப்புப் பிள்ளைகள் விளையாடிய கதை விளையாட்டு ஒன்றை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாக இருப்பார்கள். “முன்னால் ஆறு. என்ன செய்கிறாய்?” என்று கதை சொல்பவர் கேட்பார். அவர்கள் இஷ்டப்படி எதையும் செய்யலாம். செய்தது பலிக்குமா என்பதற்கு இருபது பக்கம் உள்ள பிளாஸ்டிக் கட்டையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் பலிக்கும். சின்ன எண் என்றால் பாடுதான்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து அறையில் விளையாடுவோம். மகள், மனைவி, மனைவியின் தம்பி, நான். மச்சான் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். வாய் சும்மா இருக்காது.

“அடுத்த கிழமை அப்பாதான் கதை சொல்லணும்” என்றாள் மகள் ஒரு நாள். எப்போதும் மறுத்துவிடுவேன். அன்று சரி என்றேன். வாயால் சொல்ல முடியாததைக் கதையால் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

கண்டியில் நான் வேலை செய்யும் ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுக்கும்போதும் அதே நினைப்புத்தான். மலைக் கணவாய்க்கு அப்பால் ஒரு ராணிக்குச் சுகமில்லை. மருந்து தெரிந்த பெண்ணைக் கூப்பிட ஆள் வருகிறது. அந்தப் பெண் மகள். அவள் பாதி வழி போனதும் ஊரில் காய்ச்சல் பரவுகிறது என்று செய்தி வரும். மனம் கேட்காமல் திரும்பிவிடுவாள். கதை முடிந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது நல்ல கதையாகவே பட்டது.

ஞாயிறன்று ஆரம்பித்தேன். மச்சான் வாள்வீரன். மனைவி திருடி. அது அவளே கேட்டு வாங்கிய வேஷம். மூன்று பேரும் புறப்பட்டார்கள். பாதி வழியில் செய்தியைச் சொன்னேன்.

மகள் கொஞ்சம் யோசித்தாள். “மருந்து மூட்டை எங்கிட்டதானே இருக்கு? பாதியை அம்மாகிட்ட குடுத்து, எப்படிக் குடுக்கணும்னும் சொல்லி ஊருக்கு அனுப்பிட்டு நான் போறேன்.”

“திருடிகிட்டயா குடுக்கிற?” என்றேன்.

“ஏன், திருடிக்கு ஊர்ல புள்ளைக இல்லையா?” என்றாள் மனைவி. பிறகு மகளைப் பார்த்து, “நான் பாத்துக்கிறேன். நீ போயிட்டு வா” என்றாள். அது திருடியின் குரலாக இல்லை. அவர்கள் இருவரும் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கட்டையும் அவர்கள் பக்கமே விழுந்தது. ஊர் பிழைத்துக்கொண்டது. என்னிடம் வேறு கதை இல்லை. மழைக் காலத்தில் கடுகண்ணாவை மலை ரோட்டில் மண் சரிந்து பஸ்கள் நிற்பது ஞாபகம் வந்தது.

“மலை சரிஞ்சிருச்சு. கணவாய் ரோடு முழுக்க மண்ணு. யாரும் போக முடியாது” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

மச்சான் சிரித்தான். “ரோடுதானே மூடியிருக்கு மச்சான்? குறுக்கு எங்க போச்சு?”

தோட்டத்து ஆட்கள் தார் ரோட்டைச் சுற்றிப் போவதில்லை. தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கிவிடுவோம். பள்ளிக்கூடத்துக்கு, கடைக்கு, கோயிலுக்கு, எல்லாவற்றுக்கும் குறுக்குதான். பிறந்ததிலிருந்து அதில் நடக்கிற நான், ராணியையும் காய்ச்சலையும் யோசித்தேனே தவிர அதை யோசிக்கவில்லை.

“அங்க... குறுக்கு இல்ல.”

“குறுக்கு இல்லாத மலையா?” என்றாள் மனைவி. “அது எந்த நாட்டு மலைங்க?”

“ஆடு ஒருக்கா போயிருந்தா போதும், அது குறுக்குதான்” என்றான் மச்சான்.

மகள் சிரிக்கவில்லை. “அப்பா, நெசமாவே இல்லையா?” என்று கேட்டாள். கதை சொல்பவர் இல்லை என்றால் இல்லைதான். அதுதான் சட்டம். சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

“இருக்கு” என்றேன். “வழுக்கும்.”

“வழுக்கட்டும்.” உருட்டினாள். பெரிய எண். “ஏறிட்டேன்ப்பா. அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

ராணி என்ற பேரைத் தவிர அந்தப் பக்கத்தை நான் யோசித்ததே இல்லை. என் கதையில் யாரும் அங்கே போய்ச் சேரவில்லை.

“தெரியல்ல” என்றேன்.

“கதை சொல்றவருக்கே தெரியல்லையாம்!”

“சும்மா இருடா” என்று தம்பியை அதட்டினாள் மனைவி.

மகள் காத்திருந்தாள். அவள் போனில் காட்டிய பனிப் படங்களை நினைத்துக்கொண்டேன். “எல்லாம் வெள்ளையா இருக்கு. ஒரு வீடு. வாசல்ல வயசான அம்மா ஒருத்தங்க நிக்கிறாங்க.”

“நல்லவங்களா?”

“நல்லவங்க.”

“கட்டை போடாம எப்புடி மச்சான்?” என்றான் அவன். அவன் சொல்வது நியாயம். மகளே எடுத்து உருட்டினாள்.

மூன்று.

மூன்றுக்கு அந்த அம்மா விரட்ட வேண்டும், நாயை அவிழ்த்துவிட வேண்டும். சட்டத்தையும் மீறாமல் பிள்ளையையும் நோகடிக்காமல் ஒரு சொல் கிடைக்குமா என்று தேடினேன்.

“கோவமா இருக்காங்க. ரொம்ப நேரம் நின்னு கால் வலி. நீ பேசுறதும் அவங்களுக்கு வெளங்கல்ல. கதவைச் சாத்திட்டாங்க.”

“பூட்டிட்டாங்களா?”

“பூட்டல்ல. சாத்தினது மட்டுந்தான்.”

“அப்ப நான் வாசல்லயே உக்காந்திருக்கேன். தெறப்பாங்க.”

தெறப்பாங்களா என்று பார்க்க மச்சான் கட்டைக்குக் கை நீட்டினான். நான் அதற்குமுன் எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

“குளிருக்கு என்ன போட்டிருக்க?” என்று மகளிடம் கேட்டேன்.