பன்னிரண்டு போத்தல்

பின்லாந்துக்கு உயிர்மருத்துவத்தில் முதுமாணிப் பட்டம் படிக்கப் போன நான், மூத்திரம் சேகரிக்க இலங்கை மலையகத்து லுணுகலைக்குத் திரும்பி வந்தேன். இதைவிடக் கௌரவமாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அதில் பொய்யும் இல்லை.

என் ஆய்வு சிறுநீரகம் பற்றியது. மலையில் கழிப்பறை கிடையாது என்பதால் கொழுந்து பறிக்கும் பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு நிற்பார்கள். இருபது வருடம் அப்படி நின்றால் சிறுநீரகம் என்னவாகும் என்பது என் கேள்வி. இதைச் சொன்னதும் என் பேராசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை நான் அவருக்கு எப்போதும் குளிர்கிறது என்று சொல்லும் ஒரு மாணவி, அவ்வளவுதான்.

அனுமதிக் கடிதங்கள் வாங்கியே மாதங்கள் ஓடிவிட்டன. மிஞ்சியது இரண்டு வாரம். அதற்குள் பன்னிரண்டு பெண்களின் சிறுநீரைச் சோதித்து முடிவுகளோடு திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வு இல்லை, பட்டமும் இல்லை. புலமைப்பரிசில் அந்தத் தவணையோடு முடிகிறது. வந்த அன்றே இதையெல்லாம் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் புலம்பினேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

எங்கள் லயத்து வரிசை வீடுகளிலும் மேல் லயத்திலுமாகப் பதினொரு பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். பன்னிரண்டாவது, இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த என் அம்மா. ஆளுக்கொரு பிளாஸ்டிக் போத்தலைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் முதலில் போவதைப் பிடித்துத் தரச் சொன்னேன்.

மேல் லயத்து அக்கா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எங்களுக்கு ஏதும் நோய் வருத்தம்னு வந்தா நீ பெயிலாயிருவியா புள்ள?"

"என் படிப்பே ஒங்க கையிலதான்க்கா இருக்கு" என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலை அம்மா பன்னிரண்டு போத்தலையும் ஒரு கூடையில் வைத்து, மேலே துணி மூடிக் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் ஒரே அளவு, ஒரே நிறம். எங்கள் சனங்களுக்கு என்ன ஒழுங்கு என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். முதுமாணி படிக்கிறவளின் மூளை அந்த லட்சணத்தில் வேலை செய்தது.

நோய் இருந்தால் நிறம் மாறும் சோதனைப் பட்டியை முக்கி முக்கி எடுத்தேன். ஒன்றிலும் ஒரு குறையும் இல்லை. என் ஆய்வு கண்முன்னே படுத்துவிட்டது. கர்ப்பம் இருந்தால் அளவுகள் மாறும் என்பதால் கர்ப்பிணிகளை விலக்க வேண்டும். நான் பெரிய கெட்டிக்காரியைப் போல, வயது பாராமல் எல்லோருக்கும் அந்தச் சோதனை என்று திட்டத்தில் எழுதியிருந்தேன். எழுதியதை மீறப் பயம். அதையும் செய்தேன்.

முதல் போத்தலில் இரண்டு கோடு. இரண்டாவதிலும் இரண்டு கோடு. பன்னிரண்டும் அப்படியே. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அப்பா இறந்து ஆறு வருடம்.

"அம்மா, இங்க வாங்க. நீங்க முழுகாம இருக்கீங்க" என்றேன்.

அம்மா திடுக்கிடவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அந்தப் புள்ளைக்குத் தங்கிருச்சா?"

அந்தப் பிள்ளை, கடைசி வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு முன் கல்யாணமாகி வந்த மருமகள். லயத்திலேயே நோய்நொடி இல்லாத ஒரே உடம்பு அவளுடையது என்று பெண்கள் கூடி முடிவு செய்து, அவளிடமிருந்து வாங்கி எல்லாப் போத்தலிலும் ஊற்றியிருக்கிறார்கள். ஏற்பாடு அம்மாவுடையது.

"மடுவத்துல நிறுக்கிறப்ப ஒருத்திக்குக் கொழுந்து கொறைஞ்சா, அவளுக்கு அரைப்பேரு விழுந்து பாதிச் சம்பளம் போயிரக் கூடாதுன்னு ஆளுக்கொரு பிடி போடுறதில்லையா? ஒனக்கும் அப்படித்தான்" என்றார்.

நான் கத்தினேன். விஞ்ஞானம், நேர்மை, விமான டிக்கெட் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடிஞ்சிருச்சா? நான் போய் அந்தப் புள்ளைக்கு விசயத்தச் சொல்லிட்டு வாறேன்" என்று கிளம்பிவிட்டார்.

பேராசிரியரிடம் காணொளி அழைப்பில் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் கொஞ்ச நேரம் திரையிலேயே இல்லை. சிரித்து முடித்து மேலே வந்து, மறுபடி எடுங்கள் என்றார்.

அடுத்த நாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கே போய்ப் பெண்களிடம் பேசினேன். உங்களுக்கு நோய் இருந்தால் நான் பெயிலாக மாட்டேன், இருப்பது தெரியாமல் போனால்தான் பெயிலாவேன் என்றேன்.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா எங்ககிட்ட இல்லாத நோயா?" என்றார் மேல் லயத்து அக்கா.

மறுநாள் பதினொரு போத்தல் வந்தது, பதினொரு நிறத்தில். அம்மாவுடையது மட்டும் வரவில்லை. மறந்துவிட்டேன் என்றார். அடுத்த நாள், போத்தல் உடைந்துவிட்டது என்றார். பிளாஸ்டிக் போத்தல்! மூன்றாம் நாள் நான் கதவை மறித்து நின்றேன். பதினொன்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, பன்னிரண்டு இல்லாமல் நான் போகவே முடியாது என்றேன். அதற்குப் பிறகுதான் அம்மா போத்தலை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார்.

சோதனைப் பட்டியில் இரத்தத்துக்கான கட்டம் கடும் பச்சையாகியது. புரதத்துக்கான கட்டமும் பச்சையாகியது. இரண்டும் அப்படி மாறினால் சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது என்று நான்தான் படித்திருக்கிறேனே.

அம்மா பெட்டிக்குள்ளிருந்து பதுளை ஆஸ்பத்திரியின் கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினார். மாதம் தவறாமல் போய்க் குளிசை வாங்கியிருக்கிறார். முதல் பக்கத்துத் திகதிக்கு இரண்டு வயது. ஆளுக்கொரு பிடி கொழுந்துக் கதையெல்லாம் மற்றப் பெண்களை இணங்கவைக்கச் சொன்னது. அம்மா அவ்வளவு ஏற்பாட்டையும் செய்தது தன் ஒரு போத்தலை மறைக்கத்தான்.

எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக அழுகை வந்தது.

"ஒனக்குப் பின்லாந்துக் கடிதாசி வந்த வாரந்தான் ஆஸ்பத்திரியில இதையும் சொன்னாங்க. சொல்லியிருந்தா நீ போயிருப்பியா?"

"போயிருக்க மாட்டேன்."

"அதுக்குத்தான்" என்றார். பிறகு என் படிவத்தைப் பார்த்தார். "இது ஒனக்கு ஆகுமா, ஆகாதா?"

ஆகும். என் கேள்விக்கு அந்தப் பன்னிரண்டில் மிகத் தெளிவான பதில் அதுதான்.

"ஆகும்மா."

"அப்ப பெறகென்ன, எழுது." அவர் குரலில் அவ்வளவு நிம்மதி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினேன்: இலக்கம் பன்னிரண்டு, பெண், வயது ஐம்பத்தெட்டு, கர்ப்பம் இல்லை.