பாய்மரத்தை ஒட்டவில்லை

மூடியிருந்த துணியை எடுத்ததும் ஏலவார்குழலி கையில் இருந்த பூத்தட்டைத் தரையில் வைத்துவிட்டார்.

“இன்னாடா இது, கறுப்பு?”

பஞ்சாட்சரம் கப்பலைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். முழ நீளத்தில் ஒரு மரக்கப்பல். இரண்டு பாய்மரங்கள். கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைப் பாய்கள். பாய்மர உச்சியிலிருந்து கப்பலின் விளிம்பு வரை இறங்குகிற கயிறுகள் அத்தனையும் கறுப்பு.

“கப்பல் கயிறு கறுப்பாதான்கா இருக்கும்.”

“கடல்ல இருக்கட்டும். நிச்சயதார்த்தத் தட்டுல கறுப்பா? பட்டு நெய்யுற வூட்ல பொறந்துட்டு இத நான் வந்து சொல்லணுமா? முகூர்த்தப் பொடவைல ஒரு இழ கறுப்பு வுடுவியா நீ?”

விடமாட்டார். எங்கள் தெருவில் யாருமே விடமாட்டார்கள்.

கூடத்தில் சீர்த்தட்டுகள் வரிசையாக இருந்தன. பழம், வெற்றிலை, கற்கண்டில் கட்டிய கோபுரம், புடவை. நடுவில் ஒரு தட்டு மட்டும் மஞ்சள் அரிசி பரப்பிக் காலியாக இருந்தது, கப்பலுக்காக. மாப்பிள்ளை வீட்டார் மதியச் சாப்பாட்டுக்குக் கூரத்திலிருந்து வந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும்.

“அத உள்ள வெச்சுடு. தட்டுல அல்வா வெச்சிக்கலாம்,” என்றார் அக்கா.

பஞ்சாட்சரம் கப்பலருகில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் பதில் சொல்லாமல் இருப்பது அந்த வீட்டில் புதிதல்ல. ஆனால் அவர் மனைவி ரேவதி சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தார். கப்பல் உள்ளே போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

பஞ்சாட்சரத்தின் தொழில் பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் முடியப்போகும்போது அவரைக் கூப்பிடுவார்கள். தீரப்போகிற இழையின் நுனியில் புதிய பாவின் இழையை வைத்து, விரலில் சாம்பல் தொட்டு, ஒரு முறுக்கு முறுக்குவார். முடிச்சு கிடையாது. ஆயிரக்கணக்கான இழைகள், சிவப்போடு சிவப்பு, பச்சையோடு பச்சை. எல்லாம் முறுக்கி முடித்துப் பழையதை இழுத்தால், தறியின் கண்ணிகளுக்குள் புதியது தானாக நுழைந்து வந்துவிடும். தலை நிமிராமல் செய்கிற வேலை. வேலை செய்யாத நேரத்திலும் அவர் தலை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

போன வருஷம் ஒரு தடவை நிமிர்ந்து பேசினார். அதுதான் வினையானது. அவர் மகள் இளவரசிக்கும் கூரத்துக் குமரகுருவுக்கும் கல்லூரியிலிருந்தே பழக்கம். அவனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. அவனுடைய அம்மா கலாவதி பெண் கேட்டுத் தனியாகவே வந்து வாசலில் நின்றார். “தண்ணி மேல பொழைக்கிறவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு, புயல்னு நியூஸ்ல சொன்னா நான் எப்படிம்மா தூங்குவேன்? போய்ட்டு வாங்க,” என்றார் பஞ்சாட்சரம். உட்காரச் சொல்லவில்லை. அன்றிலிருந்து இளவரசி அவரோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டுவைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

சில வாரங்களில், ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து குமரகுரு அவளுக்கு அனுப்பிய பார்சல் வந்தது. உள்ளே இந்தக் கப்பல். வந்து சேர்வதற்குள் பாய்மரங்கள் முறிந்து, கயிறுகளெல்லாம் ஒரே சிக்கலாகியிருந்தன. இளவரசி அழுதுவிட்டு அதை பீரோ மேல் வைத்தாள். போகும்போதும் வரும்போதும் பஞ்சாட்சரத்தின் கண் அதன் மேலேயே போனது. கப்பல் மேல் அல்ல, சிக்கல் மேல். சிக்கு விழுந்த நூலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது கீழே இறக்கிச் சிக்கெடுத்தார். எடுத்து முடித்ததும் எந்தக் கயிறு எங்கிருந்து எங்கே போகிறது என்று புரிந்தது. புரிந்த பிறகு பாய்மரம் இல்லாதது உறுத்த ஆரம்பித்தது.

தறி செய்கிற ஆசாரியிடம் தேக்குக் குச்சி வாங்கினார். கண்ணாடிச் சில்லால் வழித்து வழித்து நுனியை மெலிய வைத்தார். முதல் பாய்மரத்தைப் பசை போட்டு நட்டு, பின்பக்கக் கயிற்றைப் பாவு இழுத்துக் கட்டுவதுபோல விண்ணென்று இழுத்தார். அடியோடு முறிந்தது. தறியில் எல்லா இழையும் ஒரே திசையில் இழுபடும், எவ்வளவு இறுக்கினாலும் தாங்கிக்கொள்ள இரண்டு பக்கமும் கனத்த உருளைகள் இருக்கும். இங்கே இருப்பது ஒரு குச்சி. முன்னால் கொஞ்சம் இழுத்தால் பின்னாலும் அவ்வளவே இழுக்க வேண்டும். இடப்பக்கம் இழுத்ததை வலப்பக்கம் சரிக்கட்ட வேண்டும். அடுத்த பாய்மரத்தை அவர் ஒட்டவே இல்லை. குழியில் சும்மா நிறுத்தினார். கயிறுகள் பிடித்துக்கொண்டன.

நூல் மட்டும் கறுப்பையே வாங்கினார். வந்தபோது என்ன நிறமோ அதே நிறம். பிசிறடிக்காமல் இருக்க மெழுகு தேய்த்தார். நிச்சயதார்த்தம் என்ற நினைப்பு அப்போது யாருக்கு இருந்தது?

கப்பல் முடிந்த அன்று ரேவதியிடம், “அந்தம்மாவ வரச்சொல்லு,” என்றார். சம்மதம் என்றோ பிடித்திருக்கிறது என்றோ ஒரு சொல் இல்லை. இந்தக் கப்பலைத் தட்டில் வைத்து நான்தான் கொடுப்பேன் என்றார், அவ்வளவுதான். இளவரசி பேச ஆரம்பித்தாள், தேவைக்கு மட்டும். போனில் கலாவதி, “அவரு வாயால ஒரு வார்த்த சொல்லலியே,” என்று கேட்டபோது ரேவதி, “அவரு கையால கப்பலக் குடுப்பாரு, பாருங்க,” என்றார். கூரத்தில் அதை நம்பித்தான் கிளம்பி வருகிறார்கள். அந்தத் தட்டில் அல்வா இருந்தால், மகளுடைய பிடிவாதத்துக்காக மனமில்லாமல் கொடுக்கிறார் என்றுதான் ஆகும்.

“கயித்த எல்லாம் அத்துட்டு வெறும் கம்பத்தோட வையேன்,” என்றார் ஏலவார்குழலி, கொஞ்சம் இறங்கி.

“அத்தா கம்பம் வுழுந்துரும்.”

“ஒட்டலியா?”

“ஒட்டல.”

“நல்லா பண்ண போ.”

பஞ்சாட்சரம் எழுந்தார். இளவரசியின் புடவைக்கு ஓடிய பாவில் மிஞ்சிய அரக்கு நிறப் பட்டு நூலையும் சாம்பல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, கப்பலோடு பின்னறைக்குப் போனார்.

கயிறுகள் ஒவ்வொன்றும் ஒரு விளிம்பிலிருந்து ஏறி, உச்சியில் ஒரு வளையத்துக்குள் நுழைந்து, எதிர் விளிம்பில் இறங்குபவை. ஒரு கறுப்புக் கயிற்றின் இடப்பக்க நுனியை அவிழ்த்து, அரக்கை அதோடு வைத்து முறுக்கினார். வலப்பக்கமிருந்து இழுத்தார். கறுப்பு போகப் போக அரக்கு மேலே ஏறியது. வளையத்தை நெருங்கியதும் முறுக்கு வழுக்கிக்கொண்டு பிரிந்தது. கறுப்பின் நுனி வளையத்தில் தனியாகத் தொங்கியது. பாய்மரம் மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது.

மெழுகு. மெழுகு தேய்த்த நூலில் சாம்பல் பிடிக்காது.

ஒரு கையால் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை எடுக்க முடியாது. இன்னொரு கையால் மட்டும் எதையும் முறுக்க முடியாது. அப்படியே உட்கார்ந்திருந்தார். வெளியே பந்தல்காரர்கள் நாற்காலி போடும் சத்தம் கேட்டது.

பாதி பின்னிய தலையோடு இளவரசி உள்ளே வந்தாள். பார்லர் பெண் சீப்போடு பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றாள்.

“கைய எடுப்பா. நான் புடிச்சிக்கிறேன்.”

“மருதாணி...”

“அது நேத்தே காஞ்சிடுச்சு.”

அவள் இரண்டு விரலால் பாய்மரத்தைப் பிடித்தாள். அவர் ரேவதியிடம் சுடுதண்ணீர் கேட்டு வாங்கி, ஒரு டம்ளரில் கறுப்பு நூலின் நுனியை நனைத்து, மெழுகை நகத்தால் உருவித் துடைத்தார். சாம்பல் தொட்டார். முறுக்கினார். இழுத்தார். வளையத்தருகில் இந்தத் தடவை முறுக்கு பிரியவில்லை. அரக்கு நுழைந்து மறுபக்கம் இறங்கியது.

அதன் பிறகு அந்தப் பாய்மரத்தில் ஒன்று, இந்தப் பாய்மரத்தில் ஒன்று. கயிறுகளுக்கு நடுவே ஏணிபோலக் கட்டியிருந்த படிகளில் ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் பட்டு நூல் ஊர்ந்து போனது. கட்டும்வரை தளராமல் இருக்க, இழுத்த நுனியைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டார். பார்லர் பெண் அங்கேயே உட்கார்ந்து மீதிப் பின்னலைப் போட்டாள்.

“அப்பா, ஒண்ணு கேக்கட்டா?”

அவர் கண்ணை மட்டும் உயர்த்தினார்.

“உனக்கு இஷ்டந்தானே? இல்ல நான் பேசாம இருந்தேன்னு ஒத்துக்கினியா?”

வாயில் நூல். வாயைத் திறந்தால் பாய்மரம் சாயும். அவர் கட்டிக்கொண்டிருந்த முடிச்சைக் கட்டி முடிப்பதற்குள் தெருவில் வேன் ஹாரன் அடித்தது.

“வந்துட்டாங்க!” என்று கூடத்திலிருந்து ஏலவார்குழலி கத்தினார். “இளவரசி, இன்னும் பொடவ கட்டலியா நீ?”

அவள் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பார்லர் பெண் அவள் தோளைத் தொட்டாள். விரலை எடுத்தால் சாய்ந்துவிடும் என்று இளவரசி அசையாமல் இருந்தாள். ஏலவார்குழலி உள்ளே வந்து, “குடு இங்க,” என்று பாய்மரத்தைத் தானே பிடித்துக்கொண்டு தரையில் சப்பணமிட்டார். “போய்க் கட்டு போ. நான் இவன்கூட மாரடிக்கிறேன்.”

சாப்பாடு நடந்தது. இலை எடுக்கும் சத்தம், சொம்பு உருளும் சத்தம். அதற்கு நடுவில் கலாவதியின் குரல் தெளிவாகக் கேட்டது. “பொண்ணோட அப்பா எங்க? நடுவுல ஒரு தட்டு காலியா வேற இருக்குது. போன தடவ வாசல்லியாவது பாத்தேன்.”

யாரோ சிரித்தார்கள். ரேவதி ஏதோ சமாதானம் சொன்னார். பஞ்சாட்சரத்தின் காது சிவந்தது. கை நிற்கவில்லை.

“சீக்கிரம்டா. என் கால் மரத்துப்போச்சு,” என்றார் அக்கா. பிறகு, தாழ்ந்த குரலில், “இந்தப் பக்கம் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்குது பாரு,” என்றார். சரியாகத்தான் சொன்னார். பஞ்சாட்சரம் அதை இறுக்கினார்.

கடைசியாக ஒரே ஒரு கறுப்பு மிஞ்சியது. முன் பாய்மரத்தின் உச்சியிலிருந்து கப்பலின் மூக்குக்கு இறங்குகிற கயிறு. அதை அவிழ்த்தால் இரண்டு பாய்மரங்களும் பின்னால் சாயும். அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து சரிக்கட்ட வேண்டும். அவர் அதன் முடிச்சில் நகத்தை வைத்தார்.

“மணி நாலாவப் போவுது. அத வுடு,” என்றார் ஏலவார்குழலி.

“கறுப்புக்கா.”

“தெரியுது, எனக்குக் கண்ணு நல்லாதான் இருக்குது. கொழந்தைக்கு மைப்பொட்டு வெக்கறதில்ல? அந்த மாதிரி இது. திருஷ்டிக்கு.”

“காத்தால நீதானே...”

“காத்தால மூஞ்சி பூரா மை பூசி வெச்சிருந்த. அதுக்குச் சொன்னேன். தூக்கு.”

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூடத்துக்குக் கொண்டுவந்து, மஞ்சள் அரிசித் தட்டில் வைத்தார்கள். கூடத்தில் பேச்சு நின்றது. குமரகுரு எழுந்துவிட்டான். முறிந்து போனதாக இளவரசி படம் எடுத்து அனுப்பிய கப்பல் அது.

தட்டு மாற்ற எல்லோரும் எழுந்தார்கள். கலாவதி கையை நீட்டினார். பஞ்சாட்சரம் தட்டைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தார். வைத்தவர் விடவில்லை. இரண்டு பேர் கையிலும் தட்டு நின்றது.

“பாத்துப் புடிங்கம்மா. பாய்மரத்த ஒட்டல. கயிறுதான் நிக்க வெச்சிக்கினு இருக்குது.”

“அன்னிக்கு உக்காருன்னுகூட ஒரு வார்த்த சொல்லல,” என்றார் கலாவதி. சிரிக்கவில்லை. “இன்னிக்குக் கப்பலக் குடுத்துட்டு எப்படிப் புடிக்கணும்னு வேற சொல்லித் தரீங்க.”

ரேவதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். வாசலில் யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

“அன்னிக்குச் சொல்லியிருக்கணும்,” என்றார் பஞ்சாட்சரம். “உக்காருங்கம்மா. உக்காந்து வாங்கிக்கோங்க.”

கலாவதி தட்டை அவரிடமே விட்டார். பிறகு பாயில் உட்கார்ந்தார். எதிரில் அவரும் உட்கார்ந்து தட்டைக் கொடுத்தார். கப்பல் ஆடவில்லை.

“ராகுகாலத்துக்கு முன்னாடி மத்த தட்டையும் மாத்துங்கப்பா,” என்று ஏலவார்குழலி எல்லோரையும் விரட்டினார்.

குமரகுரு குனிந்து கப்பலின் மூக்கருகில் விரலைக் கொண்டுபோனான். “மாமா, இது ஒண்ணு மட்டும்...”

“அது திருஷ்டி. கை வெக்காத,” என்றார் ஏலவார்குழலி.

“மீதியெல்லாம் பட்டு,” என்றார் பஞ்சாட்சரம் அவனிடம். “ஈரக்காத்து பட்டா தளரும். கப்பல்லேர்ந்து எப்ப எறங்குவ?”

“பொங்கலுக்கு வந்துடுவேன் மாமா.”

“வந்துடு. இழுத்துக் கட்டணும். கம்பத்தப் புடிச்சிக்க ஒரு ஆளு வேணும் எனக்கு.”

சொல்லிவிட்டு அவர் திரும்பி, அரக்குப் புடவையில் நின்ற மகளைப் பார்த்தார்.

“அப்ப வாயில நூல் இருந்துச்சு,” என்றார். “இஷ்டந்தான்.”