சொன்னதை மட்டும் செய்பவர்

மேடம் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகம் கவிழ்த்து மேசைமேல் வைப்பார். சரிந்த கண்ணாடியை ஒற்றை விரலால் மேலே தள்ளிவிட்டுக் கைகளை உடம்போடு ஒட்டிக்கொள்வார். "இப்போ நான் மெஷின். சொன்னா செய்வேன். சொல்லாட்டி நிப்பேன்."

முன்வரிசையிலிருந்து யாராவது, "கதவைத் திறங்க மேடம்" என்பார்கள். நின்ற இடத்திலேயே கையை நீட்டிக் காற்றைத் தள்ளுவார். கதவு பத்தடி தள்ளி இருக்கிறது. நடக்கும்படி யாரும் சொல்லவில்லையே. முப்பத்திரண்டு கணக்கு ஆசிரியர்களும் சிரிப்பார்கள். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது.

பதினாறு வருடம் உயர்நிலை வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். இப்போது கணக்கு ஆசிரியர்களுக்கே பயிற்சி தருகிறார்: ஒரு கணக்கைக் கணினிக்கும் புரியும்படி படிப்படியாக உடைத்துச் சொல்ல மாணவர்களை எப்படிப் பழக்குவது என்று. நான்கு நாள் பயிற்சியில் முதல் இரண்டு நாள் கணினியைத் தொடவே விடமாட்டார். "முதல்ல நாம தெளிவாயிடுவோம். நம்ம குழப்பத்த அது அப்படியே வாங்கிக்கும்." அந்த அறையின் கணினிகளுக்குப் பொறுப்பாளன் நான். ஆகவே அந்த இரண்டு நாளும் கடைசி வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதே என் உத்தியோகம்.

வீட்டிலும் இந்தப் புத்தி விடுவதில்லை. தேநீர் இடைவேளையில் கணவருடன் தொலைபேசியில் பேசுவது காதில் விழும். "பால் வாங்குங்க. இல்லைன்னா தயிர். அதுவும் இல்லைன்னா பேசாம வீட்டுக்கு வந்துடுங்க." பிறகு, எதிர்முனைக் கிண்டலுக்குப் பதிலாக: "ஆமா, கடைய விட்டு வெளிய வந்துட்டுதான்!"

ஒரு முறை ஒரு மூத்த ஆசிரியர் வந்திருந்தார். பெரிய பள்ளியொன்றில் கணக்குத் துறைத் தலைவர். அவர் தலையசைத்தால் ஒன்பது வகுப்புகளுக்குள் இந்தப் பாடம் நுழையும். முறுக்கிக்கொண்டால் வாசலோடு சரி. அப்படி இரண்டு பள்ளிகள் ஏற்கெனவே மேடத்தின் கையைவிட்டுப் போயிருந்தன.

இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுபிடிக்கும் படிகளை எழுதித் தரச் சொல்லி, முதல் நாள் மாலையே எல்லாரிடமும் மேடம் தாள்களை வாங்கி வைத்திருந்தார். மறுநாள் காலை முதலில் எடுத்தது பெரியவரின் தாள். 'பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழி. சமமானாலும் ஒன்றிலிருந்து மற்றதைக் கழி. விடையையும் கழித்த எண்ணையும் பக்கத்தில் எழுது. மறுபடி முதலிலிருந்து செய்.'

நாற்பத்தெட்டு, முப்பத்தாறு என்று பலகையில் தொடங்கினார் மேடம். நாலே தாவலில் பன்னிரண்டும் பூஜ்யமும் வந்து நின்றன. "விடை பன்னிரண்டு" என்று பெரியவர் சாய்ந்து உட்கார்ந்தார்.

மேடம் நிற்கவில்லை. "பன்னிரண்டுல பூஜ்யம் போனா பன்னிரண்டு." எழுதினார். "பன்னிரண்டுல பூஜ்யம் போனா பன்னிரண்டு." மறுபடி எழுதினார். பலகை முடிந்தது. சாக்பீஸ் சுவரில் ஏறியது.

"முப்பது வருஷ சர்வீஸ், சார்! பிரேக் வைக்க மறந்துட்டீங்களே!" என்றார் ஓர் இளம் ஆசிரியர். அறை அதிர்ந்தது.

பெரியவர் முகம் சிவக்கப் பையை எடுத்தார். "நான் புள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன்மா. பொம்மைக்கு இல்ல." விறுவிறுவென்று கதவுக்கு நடந்தார்.

இப்போதாவது இயந்திர வேஷத்தைக் கலைத்துவிட்டுச் சமாதானம் சொல்வார் என்று நினைத்தேன். இல்லை. அதே குரல், அதே வரி. சுவரில் எழுதியபடியே கதவை நோக்கி நகர்ந்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. கதவின் கைப்பிடியில் கை வைத்திருந்த பெரியவரின் தோளருகே வந்து சேர்ந்தது சாக்பீஸ்.

"போதும்மா, நிறுத்துங்க."

"எப்போ நிறுத்தணும், சார்?"

பெரியவர் சுவரைப் பார்த்தார். கதவிலிருந்து பலகைவரை, வந்த வழியே, கண்ணாலேயே திரும்பிப் போனார். பூஜ்யம் முதன்முதலாக வந்த இடத்தில் பார்வை நின்றது.

"ஒண்ணு பூஜ்யம் ஆயிட்டா" என்றார். "மீதி இருக்கறது விடை."

இயந்திரம் அந்த நொடியே நின்றது. பிறகு, மேடமாக மாறி, சாக்பீஸை அவரிடம் நீட்டினார். பெரியவர் பையைத் தரையில் வைத்துவிட்டு அந்த வரியைத் தாமே எழுதினார். நான்காம் நாள் கிளம்பும்போது, ஒன்பது வகுப்புக்கும் பாடக்குறிப்பு வேண்டுமென்று வாங்கிப் போனார்.

அடுத்த வாரம் தாள்களை ஸ்கேன் செய்து வைக்கும் வேலை என்னிடம் வந்தது. முதல் நாள் இரவே ஒவ்வொன்றையும் மேடம் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். இயந்திரம் திகைத்து நிற்கும் வரியில் பென்சிலால் ஒரு புள்ளி. பாதிப் பேர் 'மீதியை இவ்வாறே செய்க' என்று முடித்திருந்தார்கள், அங்கே புள்ளி. பிரேக் பற்றிப் பேசிய இளைஞருக்கு இரண்டாம் வரியிலேயே புள்ளி. மற்ற முப்பத்தோரு தாளில் ஒன்றுகூடப் பூஜ்யத்தை எட்டவில்லை. பெரியவரின் தாளில் மட்டும், கடைசி வரிவரை, புள்ளியே இல்லை.